நின்ற இடத்தில் ஓடாத வண்டியும் கரக்பூர் மாப்பிள்ளையும்

சின்ன காஞ்சிபுரம்,
பவ வருஷம், சித்திரை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை

சௌபாக்கியவதி சூடாமணிக்கு அப்பா துரைக்கண்ணு ஆசி சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் வரதராஜப் பெருமாள் தயவில் நடமாட்டமாக இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் உடம்பாலும் மனசாலும் சுகமாய் இருக்க வேண்டும் என்பதுதான் எங்களுக்கு எந்நேரமும் நினைப்பு. அங்கம்மாளுக்கு, அதாவது உன் அம்மாவுக்கு, முழங்கால் வலி இப்போது தேவலை. கிணற்றில் தண்ணீர் அடியோடு போய்விட்டது, வாளிக் கயிற்றோடு இன்னொரு கயிறு முடிந்துதான் இறைக்கிறோம். ஓரிக்கைப் பக்கம் மாடுகளுக்குக் கோமாரி வந்து எனக்கு ஓய்வு ஒழிச்சல் இல்லை. மாப்பிள்ளை பரசுராமன் இந்தக் கடிதத்துக்கு முன்பே ஊர் வந்து சேர்ந்திருப்பார். இங்கே நடந்ததை அவர் வாயால் ஒரு விதமாகக் கேட்டிருப்பாய். நான் என் பங்குக்கு எழுதுகிறேன், அவர் ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்பிப் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு படி, முன்னால் பிரிக்காதே.

சூடாமணி, எனக்குச் சில மாதங்களாக மனசு சரியில்லை, அதற்கு நீதான் காரணம் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. கல்யாணமாகிக் கரக்பூருக்குப் போன புதிதில் எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கேட்டு எழுதுவாய். பால் திரிந்து போகிறதே ஏன், அடுப்பு புகைகிறதே என்ன செய்ய, காலில் முள் தைத்துச் சீழ் வைத்திருக்கிறது எந்த மருந்து போட, இப்படி. நானும் தபால் வந்த அன்றே பதில் எழுதிப் போட்டுவிட்டுத்தான் மாட்டாஸ்பத்திரிக்குப் போவேன். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக உன் கடிதத்தில் ‘அவர் சொன்னார்’ என்று வர ஆரம்பித்தது. அவர் நின்றுபோன கடிகாரத்தைப் பிரித்துச் சேர்த்து ஓட வைத்தார், அவர் தையல் மிஷினில் நூல் அறுந்துகொண்டே இருந்ததைச் சரி செய்தார், அவர் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்கிறார். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி நான் உனக்கு அஞ்சு வயசிலிருந்து சொல்லிக்கொண்டு வருகிறேன். போன தீபாவளிக்கு எழுதிய கடிதத்தில், அவர் புது மோட்டார் சைக்கிள் வாங்கியிருப்பதாகவும், உன்னைப் பின்னால் உட்கார வைத்து ஆற்றுப்பாலம் வரை அழைத்துப் போனதாகவும், போகிற வழியெல்லாம் வயிறு வலிக்கச் சிரித்ததாகவும் எழுதியிருந்தாய். அதை உன் அம்மாவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். படிக்கும்போதே என் முகம் மாறிப்போனதை அவள் கவனித்துவிட்டாள். உன்னைச் சைக்கிள் பாரில் உட்கார வைத்துக் கூரத்துக்கும் ஓரிக்கைக்கும் மாடு பார்க்கக் கூட்டிப் போனவன் நான். அப்போதும் நீ சிரிப்பாய். ஆனால் வயிறு வலிக்கிற மாதிரி சிரித்ததாக எனக்கு ஞாபகமில்லை.

அதற்குப் பிறகு எனக்கும் ஒரு மோட்டார் சைக்கிள் வேண்டும் என்று தோன்றிவிட்டது. கிராமம் கிராமமாகச் சைக்கிள் மிதிக்க வயசாகிவிட்டது, வியாதி மாட்டை நேரத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் அங்கம்மாளிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. “மாப்பிள்ளை வாங்கிட்டாரு, நீங்களும் வாங்கணும், அவ்ளோதானே? அதை நேரா சொல்லிட்டுப் போங்களேன்” என்றாள். அரக்கோணத்தில் ஒரு ஆங்கிலோ இந்திய ரயில் கார்டு உத்தியோகம் முடிந்து சீமைக்குப் போகிறவர், தம்முடைய பழைய வண்டியை விற்பதாகக் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். பச்சை வர்ணம், பித்தளை விளக்கு, டாங்கியின் மேல் தங்கக் கோடு. ஸ்டார்ட் செய்து காட்டினார், மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன், மனசு விழுந்துவிட்டது. அங்கிருந்து நம் ஊர் வரை ரோட்டில் ஓட்டிக்கொண்டு வந்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. இப்போது சூடாமணி பார்க்க வேண்டுமே என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

குறை மறுநாள் தெரிந்தது. வண்டி ஓடும்போது நன்றாக ஓடும். ஓட்டத்தைக் குறைத்து, நின்ற இடத்திலேயே இஞ்சினை விட்டு வைத்தால்தான் வியாதி. முதலில் தப் தப் என்று ஒழுங்காக அடிக்கும். பிறகு ஒரு அடி தவறும், தவறியதை ஈடுகட்டுவது போல நாலு அடி அவசரமாக அடிக்கும், காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கிற கார்புரேட்டர் வழியாக ஒரு தும்மல் போடும், வண்டி முழுக்க உதறிக்கொண்டு அணைந்துவிடும். உன் அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சந்நிதித் தெருவுக்குப் போய், கோயிலுக்கு எதிரே நாலு பேர் பார்க்கட்டும் என்று நிறுத்தினேன். பார்க்க வந்தவர்கள் கிட்டே வருவதற்குள் உதறி அணைந்தது. எத்தனை உதைத்தும் எழுந்திருக்கவில்லை. பூக்கடையிலிருந்து ஒருத்தன் “டாக்டரே, வண்டிக்கும் கோமாரியா?” என்று கேட்டான். அங்கம்மாள் இறங்கி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கோயிலுக்குள் போய்விட்டாள். நான் தள்ளிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

உனக்கு இந்த விவரமெல்லாம் பிடிக்கும், புரியவும் செய்யும், அதனால் எழுதுகிறேன். முதலில் நெருப்புப் பொறி தருகிற ஸ்பார்க்கிங் பிளக்கைக் கழற்றினேன். முனை முழுக்கக் கரி. பெட்ரோலில் கழுவித் தேய்த்து, முனை இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைக் கொஞ்சம் நெருக்கி வைத்தேன். சாயங்காலம் வரை தேவலையாக இருந்தது, மறுபடி பழைய கதை. அடுத்தது பெட்ரோல் டாங்கியைக் கழற்றிக் கவிழ்த்தேன், அடியில் துரு. சுத்தமாய்க் கழுவி, பெட்ரோலைச் சல்லாத் துணியில் வடிகட்டி ஊற்றினேன். நீ இருந்திருந்தால் துணியின் இரண்டு முனையை நீ பிடித்திருப்பாய். அதிலும் சரியாகவில்லை. கார்புரேட்டரில் பெட்ரோல் பீய்ச்சுகிற ஊசித்துளை அடைத்திருக்கும் என்று அதையும் எடுத்தேன். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும் என்று, ஆஸ்பத்திரிக்கு வந்த ஜட்காக் குதிரையின் வாலில் ஒரு மயிர் பிடுங்கி, அதை விட்டு இழுத்துச் சுத்தம் செய்தேன். இது முழுக்க என் சொந்த யோசனை. மாப்பிள்ளையின் ஒர்க்‌ஷாப்பில் ஆயிரம் சாமான் இருக்கலாம், குதிரை இருக்காது.

அதுவும் பலிக்காமல் போகவே சைக்கிள் கடை யேசுதாஸைக் கூப்பிட்டேன். அவன் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, ஓட்டம் குறையும்போது கார்புரேட்டர் முழுக்க மூடிக்கொள்ளாமல் தடுக்கிற ஒரு சின்னத் திருகு இருக்கிறதே, அதை நன்றாக ஏற்றி வைத்துவிட்டான். வண்டி அணையவில்லை, உண்மைதான். ஆனால் நின்ற இடத்தில் புலி மாதிரி உறுமியது. ஆஸ்பத்திரி வாசலில் கட்டியிருந்த காளை ஒன்று முளையைப் பிடுங்கிக்கொண்டு ஓட, நான் ஊசியும் கையுமாகப் பின்னால் ஓட, நீ பார்த்திருந்தால் அப்போது வயிறு வலிக்கச் சிரித்திருப்பாய். “மாத்தி புதுசு வாங்கிக்கோ சார், இது ஆவாது” என்று சொல்லிவிட்டு யேசுதாஸ் போய்விட்டான். வண்டி வாங்கியதை உனக்கு எழுதியபோது, இந்தக் கஷ்டத்தையும் ஒரு வரியில் தொட்டிருந்தேன். நீ என்ன பதில் எழுதினாய்? ‘அவரைக் கேளுங்கள் அப்பா, அவர் ஒரே நிமிஷத்தில் சொல்லிவிடுவார்.’ அந்தக் கடிதத்தை நான் அன்றைக்கு இரண்டாம் தடவை படிக்கவில்லை. அங்கம்மாள் தினம் ஒரு தரம் கேட்பாள், மாப்பிள்ளைக்கு எழுதினீங்களா என்று. எழுதவில்லை என்றேன். “உங்களுக்கு வண்டி கெட்டது விசாரமில்ல, மாப்பிள்ளைய கேக்கணுமேன்றதுதான் விசாரம். இன்னா மனுஷரோ” என்று அலுத்துக்கொண்டாள்.

அந்த வீம்புக்கு ஒரு கன்று பலியாயிற்று. கூரத்தில் தையல்நாயகி என்று பால் வியாபாரம் செய்கிற அம்மாளை உனக்குத் தெரியும், உனக்குச் சீம்பால் கொடுத்தனுப்புவாளே, அவள்தான். அவளுடைய மயிலைப் பசு கன்று போட முடியாமல் காலையிலிருந்து அவதிப்படுகிறது என்று ஆள் வந்தது. திருகைக் கொஞ்சம் தணித்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. நிறுத்தினேன். கூட்ஸ் வண்டி போய் முடிவதற்குள் உதறி அணைந்துவிட்டது. கேட் திறந்து மாட்டு வண்டிகளெல்லாம் என்னைத் தாண்டிப் போயின, நான் உதைத்துக்கொண்டே இருந்தேன். கால் வீங்கியதுதான் மிச்சம். கடைசியில் வண்டியைக் கேட்காரனிடம் விட்டுவிட்டு, மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு வைக்கோல் வண்டியில் ஏறிப் போனேன். நான் கையை விட்டுத் திருப்பி எடுத்தபோது கன்றுக்கு உயிர் இல்லை. பசுவைத்தான் காப்பாற்ற முடிந்தது. தையல்நாயகி அழவில்லை. கன்றின் வாயிலிருந்த கோழையைத் துடைத்துக்கொண்டே, “சைக்கிள்ல வந்துக்கினு இருந்தப்போ நேரத்துக்கு வந்துருவீங்களே டாக்டரய்யா” என்றாள். எனக்கு அதைவிட அவள் திட்டியிருக்கலாம். கேட்டிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அங்கம்மாளிடம்கூடச் சொல்லாமல் அதைத் தொழுவத்தில் சாத்தி, மேலே சாக்குப் போட்டு மூடிவிட்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் மாப்பிள்ளை வந்தார். பெரம்பூருக்கு ஏதோ வேலையாய் அனுப்பியிருந்தார்களாம், அப்படியே எங்களைப் பார்த்துவிட்டுப் போக வந்ததாகச் சொன்னார். ஜட்கா வந்து நின்றதும் உன் அம்மா ஓடிப்போய், அவரை வாங்க என்று கூப்பிடுவதற்கு முன்னால் வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள், நீயும் வந்திருப்பாயோ என்று. நீ இல்லை. அவள் முகத்தைப் பார்த்து எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு வருஷமாகக் கேட்கிறோம், ஒரு தடவை லீவு இல்லை என்கிறார், ஒரு தடவை துணை இல்லை என்கிறார். ஆனாலும் மாப்பிள்ளை ஆயிற்றே, சிரித்துக்கொண்டு வரவேற்றேன். அங்கம்மாள் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து ஈரல் என் இலைக்குத்தான் வரும், அன்றைக்கு அவர் இலைக்குப் போயிற்று. அவர் சாப்பிட்டுக் கை கழுவியதும் “மாமா, வண்டி எங்க?” என்று கேட்டார். நீ சொல்லி அனுப்பியிருப்பாய் போலிருக்கிறது. சாக்கை எடுத்துவிட்டு வண்டியை வெளியே தள்ளிவந்தேன். அவர் பெட்டியைத் திறந்தால் உள்ளே கான்வாஸ் துணியில் சுருட்டின சாமான்கள், ஒவ்வொன்றும் பளபளவென்று. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஸ்டார்ட் செய்து, ஒரு ஸ்குரூ டிரைவரின் நுனியை இஞ்சினில் வைத்துக் கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். “மாக்னெட்டோ மாமா, சந்தேகமே இல்ல, பொறி கொடுக்கற எடத்துல தேய்ஞ்சிருக்குது” என்றார். மாக்னெட்டோவைத் திறந்து, முனைகளை அரத்தால் இழைத்து, பத்திரமாக மூடினார். உதைத்தார். வண்டி தப் தப் என்று அடித்தது, ஒரு அடி தவறியது, தும்மியது, உதறி அணைந்தது. சூடாமணி, உன்னிடம் மறைப்பானேன், அந்த க்ஷணம் எனக்குள் கருட சேவைக் குடை விரிந்த மாதிரி இருந்தது. ஒரே நிமிஷத்தில் சொல்லிவிடுவார் என்று எழுதினாயே.

அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. அவர் கார்புரேட்டரைக் கழற்றும்போது பக்கத்திலேயே நின்றுகொண்டு, அந்த மரையை அப்படித் திருகாதீங்க, இந்தத் துளையை நான் பார்த்தாச்சு, அதைக் கம்பியால் குத்தாதீங்க, குதிரை வால் மயிர் தரட்டுமா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார். எறியவில்லை, மெதுவாகத்தான் வைத்தார். “மாமா, இத்தோட நிறுத்திக்குங்க” என்றார். “அங்க உங்க பொண்ணு, இங்க நீங்க. என்னால முடியல. அங்க விடிஞ்சதும் ஆரம்பிக்கும். எங்கப்பா பாலை இப்படிக் காய்ச்சுவாரு, எங்கப்பா ஆணியை இப்படி அடிப்பாரு. கடிகாரத்தை நாலு நாளா உட்கார்ந்து ஓட வெச்சேன், எங்கப்பாவா இருந்தா ஒரு நாள்ல முடிச்சிருப்பாருன்னு சொல்றா. புது வண்டி வாங்கி ஆத்துக்கு இட்டுக்கினு போனேன். வழியெல்லாம் வயிறு வலிக்கச் சிரிச்சா. எதுக்குச் சிரிச்சா தெரியுமா மாமா? நீங்க அவளைச் சைக்கிள்ல வெச்சிக்கினு போயி எருமைக் குட்டையில விழுந்தீங்களாமே, அந்தக் கதையை எனக்குச் சொல்லிச் சிரிச்சா. வண்டி என்னுது, பெட்ரோல் என்னுது, சிரிப்பு உங்களுக்கு.” உன் அம்மா மோர்ச் செம்போடு வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அவளைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது. “அத்தை, நீங்களும் கேட்டுக்குங்க. லீவு இல்லன்னு சொன்னதெல்லாம் பொய். அவளை இங்க அனுப்பிட்டா, திரும்பி வரணும்னு அவளுக்குத் தோணுமான்னு எனக்குப் பயம். அதான் அனுப்பல” என்றார்.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். எவ்வளவு சந்தோஷம் என்றால், அதை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டேன். நீ என்னை மறக்கவில்லை, அங்கே நான் தினமும் பேசப்படுகிறேன், அந்த ஆற்றங்கரைச் சிரிப்பு எனக்குச் சேர்ந்தது. குட்டையில் விழுந்தது என் ஞாபகத்தில் இல்லவே இல்லை பார், நீ சொன்ன பிறகு, அதாவது அவர் சொன்ன பிறகு, சேறு வழிய நீ எழுந்து நின்றது கண்ணில் வந்தது. பிறகு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். உன் தீபாவளிக் கடிதத்தைப் படித்த அன்று என் முகம் எப்படி இருந்ததோ, அங்கம்மாள் எதைக் கவனித்தாளோ, அதே முகம். எனக்காவது இங்கே அங்கம்மாள் இருக்கிறாள், எரிந்து விழ ஆஸ்பத்திரியில் மாடுகள் இருக்கின்றன. அந்தப் பிள்ளை ஒண்டியாய், பாஷை தெரியாத ஊரில், வீட்டுக்குள்ளேயே என்னோடு போட்டி போட்டுக்கொண்டிருக்கிறான், நான் அங்கே இல்லாமலேயே. சிறு வயசில் தகப்பனாரை இழந்தவர் வேறு. அங்கம்மாள்தான் செம்பை அவர் கையில் கொடுத்து, “குடிங்க தம்பி, வெயில்ல மண்டை காயுது” என்றாள். மாப்பிள்ளை என்று சொல்ல வேண்டிய இடத்தில் தம்பி என்றாள். அவர் ஒரே மூச்சில் குடித்தார்.

அப்புறம் இருவரும் சேர்ந்து எல்லாவற்றையும் மாட்டினோம். நான் ஒரு திருத்தமும் சொல்லவில்லை. ஸ்டார்ட் செய்தார், அதே உதறல்; அணைந்துவிடாமலிருக்கத் திருகைக் கொஞ்சம் ஏற்றி வைத்தார். கை சும்மா இருக்கப் பிடிக்காமல் உள்ளே போய் என் மருந்துப் பையிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்து வந்தேன். மாட்டு நெஞ்சில் வைப்பது போல இஞ்சினில் அங்கங்கே வைத்துக் கேட்டேன். சிலிண்டரில் ஒரே இரைச்சல், மாக்னெட்டோவில் கடகடப்பு. கார்புரேட்டரிலிருந்து இஞ்சினுக்குப் போகும் குழாய் சேர்கிற கழுத்தில் வைத்தபோது மட்டும் வேறொரு சத்தம், ஸ்ஸ் ஸ்ஸ் என்று யாரோ பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சுகிற மாதிரி. அந்தச் சந்தில் காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. வேகமாக ஓடும்போது கார்புரேட்டர் வழியாகவே ஏராளமாய்க் காற்றும் பெட்ரோலும் போவதால் அந்தத் திருட்டுக் காற்று ஒரு பொருட்டில்லை. நின்ற இடத்தில் கொஞ்சமாய் மூச்சு விடும்போது அந்தக் கொஞ்சத்தில் இது கலந்து பெட்ரோல் போதாமல் போகிறது, அதுதான் உதறல், அதுதான் தும்மல். மாதக்கணக்காய்த் தேடியது காதில் கேட்டுவிட்டது. மாப்பிள்ளை இதோ என்று கத்த வாயைத் திறந்துவிட்டேன். அவர் எதிரே கரிக்கையோடு, முழங்காலைக் கட்டிக்கொண்டு, தோற்றுப்போன பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

வாயை மூடிக்கொண்டேன். காதிலிருந்து ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி அவரிடம் நீட்டி, “எனக்கு மாட்டு வயித்துச் சத்தந்தான் பழக்கம் மாப்பிள்ளை, இஞ்சின் சத்தம் உங்களுக்குத்தான் தெரியும், நீங்க ஒரு தரம் கேட்டுப் பாருங்க” என்றேன். அவர் வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டார். சிலிண்டரில் வைத்தார், மாக்னெட்டோவில் வைத்தார், இஞ்சினின் அடியில் வைத்தார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, கொஞ்சம் மேலே, கொஞ்சம் மேலே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நின்றேன். கழுத்தில் வைத்ததும் அப்படியே நின்றார். எழுந்துபோய் உன் அம்மாவிடம் விளக்கெண்ணெய் வாங்கிவந்து அந்தச் சந்தில் சொட்டுச் சொட்டாய் விட்டார். எண்ணெய் சந்தை அடைத்த மாத்திரத்தில் உதறல் நின்று இஞ்சின் ஒரே சீராய் அடித்தது, எண்ணெயை உள்ளே இழுத்துக்கொண்டதும் மறுபடி உதறியது. “மாமா, காத்து இழுக்குது மாமா! இங்கதான் காத்து இழுக்குது! கண்டுபிடிச்சிட்டேன்!” என்று கத்திக்கொண்டு, மாமனார் என்பதையும் மறந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார். என் வெள்ளைச் சட்டையில் அஞ்சு விரலும் பதிந்துவிட்டது. நானும் “அட, ஆமாம்” என்றேன். அதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாய்த்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

பிறகு நடந்ததில் என் பங்கு ஒன்றுமில்லை, முழுக்க அவர் கைவேலை. யாரோ அந்தக் காலத்தில் மரையை அளவுக்கு மேல் இறுக்கியதில் குழாயின் வாய் கோணிக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத கோணல். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் தம் பெட்டியிலிருந்த சாணைப் பொடியைக் குழைத்துத் தடவி, அதன் மேல் அந்த வாயை வைத்துச் சுற்றிச் சுற்றித் தேய்த்தார். அவசரமே இல்லை. எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பார், மறுபடி தேய்ப்பார். அடுத்த வீட்டுத் தறிக்காரரிடம் ஜரிகைப் பெட்டியில் வருகிற கெட்டி அட்டை ஒன்று நான் வாங்கிவந்தேன், அதை அளவாய் வெட்டி எண்ணெயில் ஊற வைத்து நடுவில் கொடுத்து, இரண்டு மரையையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாய் முடுக்கினார். அந்தப் பொறுமை எனக்குக் கிடையாது. நானாயிருந்தால் ஒன்றை முழுக்க முடுக்கிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போயிருப்பேன், மறுபடி கோணியிருக்கும். யேசுதாஸ் ஏற்றி வைத்த திருகைத் தணித்து, ஸ்டார்ட் செய்தார். தறியில் நாடா போய் வருவது போல ஒரே தாளம். உன் அம்மா பக்கத்தில் நின்று பேசினாள், அவள் பேசியது எனக்குக் காதில் விழுந்தது. அத்தனை அடக்கமான சத்தம்.

தையல்நாயகியின் பசுவை மறுபடி பார்க்க வேண்டியிருந்தது. “நீங்க ஓட்டுங்க” என்று வண்டியை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டேன். என் வண்டியில் நான் பின்னால் உட்கார்ந்து போவேன் என்று நினைத்ததில்லை. நன்றாக ஓட்டுகிறார். பள்ளத்தில் மெதுவாக இறக்குகிறார், எதிரே மாடு வந்தால் முன்கூட்டியே ஒதுங்குகிறார். உன்னையும் இப்படித்தான் வைத்து ஓட்டுவார் என்று பட்டதும் எனக்கு ஒரு பயம் தீர்ந்தது. கூரத்தில் வண்டியை அணைக்காமல் அவர் பிடித்துக்கொண்டு நின்றார், நான் உள்ளே போய்ப் பசுவைப் பார்த்தேன். ஜுரம் இறங்கி, புல் கடிக்க ஆரம்பித்துவிட்டது. தையல்நாயகி வெளியே வந்து அவரைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். “நீங்கதான் சூடாமணி வீட்டுக்காரரா? எம்மாம் தூரத்துல வெச்சிக்கினு இருக்கீங்க எங்க பொண்ணை. எப்போ இட்டாரப் போறீங்க?” என்றாள். அவளுக்கு எதுவும் தெரியாது, வாயில் வந்ததைக் கேட்டாள். நான் மருந்தைக் கலக்குவது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் குனிந்து இஞ்சினைப் பார்த்தார், அது சீராய் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு, “கருட சேவைக்கு இட்டாரேங்க” என்றார். என்னைப் பார்த்து, “நானும் கூட வரேன் மாமா, லீவு போட்டுடறேன்” என்றார். நான் தலையை ஆட்டினேன்.

ஆகையால் வைகாசிக் கருட சேவைக்கு நீ வருகிறாய். அதற்குள் நான் சொல்வதை நன்றாகக் கேட்டுக்கொள். அவர் எதிரில் எங்கப்பா எங்கப்பா என்று சொல்வதைக் குறைத்துக்கொள், கண்ணு. இதை எழுத எனக்குக் கை வரவில்லை, பேனாவைத் தொட்டுத் தொட்டு வைத்துவிட்டு இப்போதுதான் எழுதுகிறேன். மனசுக்குள் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லிக்கொள். அவர் ஆணி அடித்தால் ஆணி நன்றாக இறங்கியிருக்கிறது என்று சொல், அத்தோடு நிறுத்து. வண்டியின் கோளாறை அவர்தான் கண்டுபிடித்தார், அப்பாவால் முடியவில்லை என்று நீயாக ஒரு தரம் சொல். காற்றுச் சத்தத்தை முதலில் கேட்டது நான் என்பதை அவரிடம் மூச்சு விடாதே. ஆனால் நீ தெரிந்து வைத்துக்கொள், முதலில் கேட்டது நான்தான். இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

வண்டியில் போகும்போது முந்தானையை இழுத்துச் செருகிக்கொள், சக்கரத்தில் மாட்டினால் ஆபத்து. தண்ணீரை, அவர் சொல்வது போலவே, காய்ச்சிக் குடி. அம்மா உனக்கு மாவடு போட்டு வைத்திருக்கிறாள், மாப்பிள்ளைக்குக் காரம் ஆகாது என்று அவருக்குத் தனியாக ஒரு ஜாடி. எனக்குத் தனி ஜாடி கிடையாதாம், கேட்டுப் பார்த்துவிட்டேன். நீங்கள் இருவரும் தீர்க்காயுசாய், ஒருவருக்கொருவர் அனுசரணையாய், வீடு நிறைந்து வாழவேண்டும் என்று பெருமாளை வேண்டிக்கொள்கிறேன்.

மறந்துவிடாதே, இது முக்கியம். ஸ்டேஷனுக்கு நான் வருவேன். ரயில் நிற்பதற்கு முன்பே உன் ஜன்னல் எது என்று கண்டுபிடித்துவிடுவேன். நீ இறங்கியதும், சின்ன வயசில் செய்வது போல, என்னைப் பார்த்து ஓடி வராதே. அவர் பெட்டிகளை இறக்கி முடிக்கட்டும். அதுவரை பக்கத்தில் நின்று, அவரோடு சேர்ந்து நடந்து வா. நான் காத்துக்கொண்டு நிற்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
துரைக்கண்ணு